ஒயில் பில்டர் வாங்கும்போது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது; 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. அதுவரை எங்களுக்குப் பழைய காரே கதி. மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றம் ஏறி, அம்மாவைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்வதும் அதிலேதான். எனவே பில்டரை நானே பார்த்து வாங்குவேன்.

கண்டிக் கடையில் ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி, ஆனால் இரண்டு விலை. "எல்லாம் ஒன்றுதான் மிஸ்" என்பார்கள். ஒன்றென்றால் விலை ஏன் இரண்டு?

சகோதரிகளே, பெட்டியில் எழுத்து மங்கலா, உங்கள் எஞ்சினுக்குரிய இலக்கம்தானா என்று பாருங்கள். படுக்கையாகப் பொருத்தும் பில்டரென்றால் துளைகளுக்குள் மெல்லிய இறப்பர் தடுப்பு இருக்க வேண்டும். வண்டி நிற்கையில் ஒயில் வடிந்துவிடாமல் காப்பது அதுதான். பழைய பில்டரின் இறப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஒயில் வழியெல்லாம் ஒழுகிவிடும்.