வண்டியை மதகடியில் நிறுத்துங்கள்

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியைப் படிக்கும்போதும், என் அலுவலகத்துக்கு வரும் தொலைபேசியை எடுக்கும்போதும் ஒரு சொல்லை அடிக்கடி சந்திக்கிறேன். “சார், பயிர் திடீர்னு காய்ஞ்சு போச்சு. என்ன மருந்து அடிக்கலாம்?” காவிரி டெல்டாவில் இத்தனை வருடம் வேளாண்மை அலுவலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புயலும் வெள்ளமும் தவிர, நெல் வயலில் ‘திடீர்னு’ நடப்பது மிகக் குறைவு. இரண்டு மூன்று வாரமாக உள்ளே நடந்துகொண்டிருப்பது, கடைசியில்தான் ரோட்டுக்குத் தெரிகிறது.

இரண்டு வருடம் முன்பு சம்பாவில், கதிர் வரும் சமயம், ஒரு குத்தகை விவசாயி கூப்பிட்டார். மூன்று ஏக்கர். ரோட்டிலிருந்து பார்த்தால் ஓரப் பயிர் கிளிப்பச்சையாக இருந்தது. வரப்பில் இறங்கி நடுவயலுக்குப் போனால், வட்டம் வட்டமாக வைக்கோல் நிறம். குத்தை விலக்கிப் பார்த்தோம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரைச் சுற்றி அப்பியிருந்தது புகையான். ஏறக்குறைய ஒரு மா போய்விட்டது. வரப்பில் நின்ற அவர் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தினமும்தானே வந்து பார்த்துட்டுப் போனீங்க?” வந்தார்தான், பொய்யில்லை. பைக்கில் வந்து, ஒரு காலை ஊன்றி, பார்த்துவிட்டுப் போனார். குத்தகை நெல் அளந்தது போக வீட்டுக்கு எத்தனை மூட்டை மிஞ்சும் என்பதுதான் அன்று அந்த இருவரின் முகத்திலும் இருந்தது.

புகையான் இலையில் உட்காராது, தூரடியில் உட்காரும். குனிந்து பார்க்காமல் அது தெரியாது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி. அதுவரை பொறுக்கலாம். அந்தக் கட்டத்தில் கண்டுவிட்டால் தண்ணீரை வடித்து, தழைச்சத்தை நிறுத்தி, பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பார்க்காமலே கடைக்குப் போய், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்தை வாங்கி அடித்தால் சிலந்தி செத்து, புகையான்தான் பெருகும்.

நான் இப்போதெல்லாம் வண்டியை மதகடியில் நிறுத்திவிட்டு, வாய்க்கால் கரையிலேயே நடந்து போகிறேன். ஊருக்கு இரண்டு கிலோமீட்டர். மூட்டுக்கு நல்லது என்று மருத்துவரும் சொன்னார், ஆனால் நான் நடப்பது அதற்காக இல்லை. (டவுனில் ஸ்டேடியத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். வயல் இருப்பவருக்கு அந்தக் கஷ்டம் எதற்கு?) நடப்பது சுகமாக இருக்கிறது, அவ்வளவுதான். விடிந்த கையோடு போனால் இலை நுனியில் முத்து முத்தாக நீர் நிற்கும். அதில் கொஞ்சம் பனி, கொஞ்சம் வேர் இழுத்து மேலே தள்ளிய தண்ணீர். வேர் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். செருப்பைக் கழற்றி வயலில் கால் வைத்தால், மண் லேசாக வெடிக்க ஆரம்பித்திருப்பது பாதத்துக்கே தெரியும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுகிறவருக்கு மறுபடி மடை திறக்கும் நாளை அது சொல்லிவிடும்.

வரப்பு பேசுகிற மாதிரி வேறு எதுவும் பேசாது. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் கசிந்தால், எங்கோ நண்டு வளை இருக்கிறது. புது மண் குவிந்திருந்தால் எலி. சாயங்காலம் எல்லா வளையையும் மண்ணால் அடைத்துவிட்டுப் போங்கள், காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி குடியிருக்கிறது. அங்கே கிட்டி வைத்தால் வீண்போகாது. நம் தஞ்சாவூர்க் கிட்டிக்கு ஈடான பொறியை நான் இன்னும் பார்க்கவில்லை. இருட்டில் போகிறவர்கள் டார்ச்சும் கம்பும் இல்லாமல் இறங்காதீர்கள், எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும்.

இன்னொன்று உண்டு. வண்டியில் போனால் நான் ‘சார்’. நடந்து போனால் ‘தம்பி’. வண்டியை அணைக்காமல் நிற்பவரிடம் யாரும் உரம், மானியம் தாண்டிப் பேசமாட்டார்கள். போன கோடையில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பாட்டி, கூடவே நடந்தார். கட்டை நான் வாங்கிக்கொள்ளக் கேட்டும் கொடுக்கவில்லை. அரை மைல் வரை மாட்டைப் பற்றித்தான் பேச்சு. அப்புறம், “ஏன் தம்பி, ஓரடி மண்ணை வெட்டிக் குடுத்தா அப்புறமும் நெல்லு விளையும்ல?” என்றார். செங்கல் காளவாய்க்கு மண் கேட்டிருக்கிறார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் கடனை அடைக்கலாம் என்று சம்மதித்துவிட்டான். இருப்பது இரண்டு மா. சத்தெல்லாம் அந்த மேல்மண்ணில்தான் இருக்கிறது என்றும், அதை வெட்டினால் பழைய விளைச்சல் திரும்ப வெகுகாலம் ஆகும் என்றும், பக்கத்து மேட்டு வயல் தண்ணீரெல்லாம் இந்தப் பள்ளத்தில் வந்து நிற்கும் என்றும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. அன்று இரவு மகனிடம் நானே போனில் பேசினேன். இந்தக் கேள்வி எந்த முகாமிலும், எந்த மனுவிலும் எனக்கு வந்திருக்காது.

வயலுக்குள் நடக்க இடமே இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயம்தான், நெருக்கி நட்ட வயலில் கால் வைத்தால் பயிர்தான் மிதிபடும். அதற்குத்தான் எட்டடிக்கு ஓரடி பட்டம் விடச் சொல்கிறோம். காற்றும் வெயிலும் தூரடிக்கு இறங்கும், புகையானுக்கு அது பிடிக்காது. உரம் போடவும் மருந்து அடிக்கவும் ஆள் போகலாம். நீங்களும் கையை வீசிக்கொண்டு நடுவயல் வரை போய் வரலாம். ஓரடி போகிறதே என்று மனசு கேட்காது, தெரியும். ஓரக் குத்துகள் வெளிச்சம் பட்டு நன்றாகத் தூர் கட்டும். நடவு ஆட்களிடம் முதல் நாளே சொல்லி, கயிறு கட்டி விடச் சொல்லுங்கள். நட்டு முடித்த பிறகு, பிடுங்கி வழிவிட யாருக்கும் கை வராது.