தவக்காலத்தில் ஓர் அவித்த முட்டை

கிறிஸ்துவில் அன்பார்ந்த பங்குமக்களே,

கடந்த தவக்காலத்தில் நான் செய்த பிழையொன்றை உங்களிடம் சொல்ல வேண்டியுள்ளது. உரிய குடும்பத்தாரின் அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன்.

நம் பங்கின் பெரியவர் ஒருவர், திருப்பலி முடிந்ததும் தேநீருக்கும் நில்லாமல் விரைந்து சென்றுவிடுவார். "இப்போது எவருடனும் சேர்வதில்லை" என்று சிலர் குறைபட்டதுண்டு. அவர் நாற்பது நாளும் மீன், இறைச்சி, முட்டை நீக்கி மரக்கறி மட்டுமே உண்கிறார் எனக் கேள்வியுற்று, அவரை மனமாரப் பாராட்டினேன். அவரது சிறுநீரகங்கள் செயலிழந்ததை அறிந்திருந்தேன். அவர் பெறும் சிகிச்சையைப் பற்றி எதுவும் அறிந்திருக்கவில்லை.

நான்காம் வாரம் மகள் தொலைபேசியில் அழைத்தார்: "சுவாமி, அப்பாவுக்குப் புரதம் நல்லாக் குறைஞ்சுபோச்சு. முட்டை சாப்பிடச் சொல்லித் தாதி சொல்லுறா. சுவாமி மெச்சின தவத்தை முறிக்கமாட்டன் எண்டு நிக்கிறார்."

அன்றே சென்றேன். அறைக்கதவு சாத்தியிருந்தது. கை கழுவி, முகக்கவசம் அணிந்த பின்னரே உள்ளே விட்டனர். யன்னல் மூடியிருந்தது, மின்விசிறி நின்றிருந்தது. கொளுக்கியில் தொங்கிய பையிலிருந்து தெளிந்த திரவம், மெல்லிய குழாய் வழியே அவரது வயிற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவரே எனக்கு ஆசிரியரானார். வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள சவ்வே இச்சிகிச்சையில் வடிகட்டி. ஏறக்குறைய இரண்டு லீற்றர் திரவம் சில மணிநேரம் உள்ளே தங்க, இரத்தத்திலுள்ள கழிவும் மிகையான நீரும் சவ்வினூடாக அதனுள் வந்துசேர்கின்றன. பின்னர் அதனை வெளியேற்றிப் புதியதை நிரப்ப அரைமணி நேரம் செல்லும். அவருக்கு இது நாளொன்றுக்கு நான்கு தடவை. சிலருக்கோ இரவு உறக்கத்தில் இயந்திரம் இதனைச் செய்கிறது. திருப்பலி முடிந்ததும் அவர் விரைந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

கழிவோடு உடலுக்கு வேண்டிய புரதமும் அத்திரவத்தில் வெளியேறிவிடுகிறது. உணவால் அதனை ஈடுசெய்யாவிடில் உடல் நலிவுறும். நான் மெச்சிய தவம் அவரை மெலியச் செய்துகொண்டிருந்தது.

"சாப்பிட்டால் பாவமில்லையோ, சுவாமி?"

"திருச்சபை நோயாளரை இக்கடமையிலிருந்து விடுவித்திருக்கிறது, ஐயா. நான்தான் அறியாமல் உங்களைக் கட்டிவைத்துவிட்டேன். மன்னியுங்கள்."

மனைவி அவித்த முட்டை கொண்டுவந்தார். அவர் சிலுவை அடையாளம் வரைந்து உண்டார்.

அன்பர்களே, இத்தகைய இல்லங்கள் நம்மிடையே உள்ளன. செல்லுமுன் தொலைபேசியில் கேளுங்கள். கதவு உடனே திறக்கப்படாவிடில் அதைச் செருக்கெனக் கொள்ளாதீர்கள். கிருமித்தொற்றே அவர்கள் அஞ்ச வேண்டிய பேராபத்து. வெளியேறும் திரவம் கலங்கியிருந்தாலோ, வயிற்றுவலியோ காய்ச்சலோ கண்டாலோ, விடியட்டும் எனக் காத்திராமல் உடனே மருத்துவக் குழுவை அழையுங்கள். என்னைப் பிறகு அழைக்கலாம்.

சிறுநீரகம் செயலிழக்கும் நிலையை எதிர்நோக்குவோர், வீட்டிலிருந்தே செய்யத்தக்க இம்முறை தமக்குப் பொருந்துமா என மருத்துவரிடம் கேட்டறியுங்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆயினும் அச்சத்தினால் கேளாமல் இருந்துவிடாதீர்கள்.

நோயுற்றோர் நோன்பெடுக்க விரும்பினால் முதலில் மருத்துவரிடமும், பின்னர் என்னிடமும் வாருங்கள். இம்முறை பாராட்டுமுன் நானும் கேட்டறிவேன்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை