ஒன்றுக்கும் உதவாத துப்பாக்கி

"பாதுகாப்புக்கா?" கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

டாலஸுக்கு வடக்கே நெடுஞ்சாலையோரம், டயர் கடைக்கும் பார்பெக்யூ கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்த ரேஞ்ச். முன்பக்கம் கடை, பின்பக்கம் சுடும் கூடம். "இல்லை, பேப்பர் தட்டில் ஓட்டை போட" என்றேன். கடைக்காரர் சிரித்தார். கறுப்புப் பிஸ்டல்கள் வரிசை கட்டியிருந்த நீளக் கண்ணாடிப் பெட்டியை விட்டு என்னை நகர்த்தி, மூலையில் கிடந்த சின்னப் பெட்டிக்குக் கூட்டிப் போனார். "அப்படியென்றால் ட்வென்டி டூ."

டெக்சஸில் முதல் கைத்துப்பாக்கி வாங்குவதும் நம்மூரில் முதல் டூவீலர் வாங்குவதும் ஒன்று. ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள், அவரவர் வைத்திருப்பதே உலகத்தில் சிறந்தது என்பார்கள். எனக்கோ அந்தப் பொருளோடு இருந்த பழக்கம் மொத்தமே மூன்று. தீபாவளிக்கு வாங்கிய பொட்டு வெடித் துப்பாக்கி, மெரினாவில் பலூன் சுட்ட ஏர் கன், கும்பகோணத்தில் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியின் இரட்டைக்குழல். மூன்றாவது வெடித்து நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார்.

2009இல் எச்-1பி விசாவில் வந்து இறங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகக் குழு முழுவதும் ரேஞ்சுக்குக் கிளம்பியது. நானும் பெயர் கொடுத்திருந்தேன். விவரம் தெரிந்த நண்பன் ஒருவன் கையைப் பிடித்து நிறுத்தினான். அந்த மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. இது தெரியாமல் காதுமூடியோடு நின்று படமெடுத்துப் போட்ட நம்மவர்கள் எத்தனையோ பேர். வேலையையும் வீட்டையும் ஒரு முத்திரைக்குள் கட்டி வைத்துக்கொண்டு பயந்து பயந்து சிக்னலைக் கடந்தவன் நான்; பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். க்ரீன் கார்டு 2021இல் வந்தது. அதற்குள் ஆசை ஆறிப்போயிருந்தது. மகள் கல்லூரி விடுதிக்குப் போய் சனிக்கிழமைகள் வெறிச்சோடிய பிறகுதான் அது மறுபடி தலைகாட்டியது.

"பாதுகாப்புக்குன்னா வேண்டாம்ங்க" என்றாள் மனைவி. மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்கிறவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். "எப்பவோ வரப்போற திருடனுக்காக இன்னிக்கே வீட்டுக்குள்ள ஒண்ண வெச்சுக்கறதா? விளையாட்டுக்குன்னா சொல்லுங்க, யோசிக்கலாம்." யோசித்தாள். இரும்புப் பெட்டி முதலில் வர வேண்டும், துப்பாக்கி பிறகு. பெட்டியை அலமாரிக்குள் சுவர்க்கட்டையோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். அதன் எண் அவளுக்கு மட்டும் தெரியும். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பெட்டியில். அந்தச் சாவி என்னிடம். நடுராத்திரியில் திருடன் வந்தால் அவனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் இருவரும் பெட்டிகளைத் திறக்க வேண்டியிருக்கும். அதுதான் எங்களுக்கு வேண்டியதும். காகிதத்தைத் தவிர வேறெதற்கும் உதவாத துப்பாக்கி. பெரிதாக, கனமாக, சட்டைப்பையிலும் இடுப்பிலும் அடங்காததாக இருக்க வேண்டும். கடைகளில் எல்லோரும் தேடுவதற்கு நேர் எதிரான பட்டியலோடு நான் போயிருந்தேன்.

அதற்குப் பொருத்தம் .22 லாங் ரைஃபிள் என்ற தோட்டா. இது ரிம்ஃபயர் வகை. அப்படியென்றால் என்ன என்று விளக்கப் பொட்டு வெடி போதும். பெரிய தோட்டாக்களின் அடியில் நடுவே தனியாக ஒரு குப்பி இருக்கும். ஊசி அதைக் குத்தினால் வெடிக்கும். .22இல் குப்பி கிடையாது. மெல்லிய பித்தளைக் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே வெடிமருந்து சுற்றி அப்பப்பட்டிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால் போதும். பொட்டு வெடியைக் கல்லால் நசுக்கினோமே, அதே கதை. இதன் பாட்டன் பிறந்ததும் விளையாட்டுக்காகத்தான். 1845இல் ஃப்ளோபேர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு பொட்டுக் குப்பியின் வாயில் சின்ன ஈயக் குண்டைச் செருகினார். வரவேற்பறையில் விருந்தினர்கள் குறி பார்த்து விளையாட அது போதுமானதாக இருந்தது. 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .22 ஷார்ட்டைக் கொண்டுவந்தது. இன்று நாம் வாங்கும் லாங் ரைஃபிள் 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி தந்தது. குண்டின் எடை ஏறக்குறைய இரண்டரை கிராம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் வெள்ளி வாங்கியதும் இதே தோட்டாவில்தான்.

மலிவு என்பது அடுத்த காரணம். 9 எம்.எம். தோட்டா ஒன்றின் விலைக்கு இதில் மூன்று வரும். ஆனால் 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக் கொடுமைக்குப் பிறகு, சட்டம் இறுகிவிடும் என்று அஞ்சி மக்கள் வாங்கிக் குவித்ததில் இந்த ஏழைத் தோட்டாவும் அலமாரிகளிலிருந்து மாயமாகிவிட்டது. தட்டுப்பாடு தீர வருடக்கணக்கில் ஆனதாம். குழந்தைகள் செத்த செய்தி கேட்டு விளையாட்டுத் தோட்டாவைப் பதுக்கிய மனநிலை எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கடையில் பார்ப்பதைவிடச் சுட்டுப் பார்ப்பது மேல் என்பதால் மூன்றை வாடகைக்கு எடுத்தோம். எடுத்தோம் என்றால், கூட ஒரு சக ஊழியர் வந்தார். தனியாக வருகிறவருக்கு, அதுவும் சொந்தத் துப்பாக்கி இல்லாதவருக்கு, பல ரேஞ்சுகள் வாடகைக்குத் தருவதில்லை. காரணத்தை யாரும் பலகையில் எழுதி வைப்பதில்லை. மனைவிக்குத் தெரிந்த அந்தக் கணக்குத்தான்.

முதலில் எடுத்தது ரூகர் ரேங்லர். 2019இல் வந்த ஆறு தோட்டா ரிவால்வர், கௌபாய் படத்துச் சாயல், மூன்றிலும் மலிவு. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அந்த நிதானம் பிடித்திருந்தது. ஆனால் அதன் குறி அசையாதது. குண்டு இடப்பக்கம் போனால் நாம்தான் வலப்பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும். மெரினாவில் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது: "குறிய வளைச்சு வெச்சிருப்பான்டா, ஒரு பலூன் தள்ளி அடி." ஐம்பது வயதில் மறுபடியும் ஒரு பலூன் தள்ளி அடிக்க மனமில்லை.

அடுத்தது டாரஸ் டி.எக்ஸ்.22. அரைக் கிலோ எடைதான். மேகஸினில் பதினாறு தோட்டா. நன்றாகவே சுட்டது. குறை ஒன்றே ஒன்று: பார்ப்பதற்கு 'பாதுகாப்புக்கு' வாங்கும் பிஸ்டலைப் போலவே இருந்தது. எங்கள் வீட்டுச் சட்டப்படி தள்ளுபடி.

மூன்றாவது ரூகர் மார்க் ஃபோர், ஐந்தரை அங்குலத் தடித்த குழல். ஒரு கிலோ கனம். அந்தக் கனமே பாதி உதையை விழுங்கிவிடுகிறது. முன்குறி அசையாமல் நிற்கிறது. பின்குறியைத் திருகித் திருத்தலாம். பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த எண்பதைத் தொடும் ஒருவர் என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைக் காட்டினார். அதே முகம், அறுபது வருஷப் பழசு. பிடியில் ஒரு கறுப்புக் கழுகு. வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் 1949இல் கம்பெனி தொடங்கி விற்ற முதல் பொருளே இந்த .22 பிஸ்டல்தான், அன்றைய விலை 37.50 டாலர். முதலில் கழுகு சிவப்பு. 1951இல் ஸ்டர்ம் இளவயதிலேயே இறந்துபோக, கூட்டாளிக்குத் துக்கம் காக்கக் கழுகைக் கறுப்பாக்கினார்கள். "வாங்கு, ஆனால் பழசை வாங்காதே" என்றார் பெரியவர். "கழற்றினால் மாட்ட முடியாது." அது ஊரறிந்த வேடிக்கை. மார்க் த்ரீ வரைக்கும் பிரித்துத் துடைத்துவிட்டுத் திரும்பப் பூட்டுவதற்குள் மாமியாரே மருமகளாகிவிடுவாள். 2016இல் வந்த மார்க் ஃபோரில் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் பிஸ்டல் இரண்டாக மடிந்து திறக்கிறது. .22 கரியும் மெழுகும் கக்கும் தோட்டா. அடிக்கடி துடைக்க வேண்டும். மாவு மிக்ஸியைக் கழுவவே சோம்பல்படுகிறவனுக்கு அந்தப் பொத்தான் ஒன்றே போதும் என்று முடிவு செய்தேன்.

வாங்கும்போது 4473 என்ற படிவம். பிறந்த ஊர், குடியுரிமை, க்ரீன் கார்டு எண்; உனக்காகத்தான் வாங்குகிறாயா, போதைப் பழக்கம் உண்டா, குற்றத் தீர்ப்பு உண்டா. 'கும்பகோணம், இந்தியா' என்று எழுதும்போது கை லேசாக நடுங்கியது. இந்த நாட்டில் படிவம் என்றாலே எனக்கு வருடக்கணக்கு. கடைக்காரர் விவரங்களை மத்தியச் சரிபார்ப்புக்கு அனுப்பிவிட்டு, தன் பேத்தியின் சாப்ட்பால் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கதை முடியவில்லை, 'ப்ரொசீட்' வந்துவிட்டது. இங்கே குடியிருக்க அனுமதிப்பதா என்று யோசிக்க அரசாங்கத்துக்குப் பன்னிரண்டு வருடம். துப்பாக்கி தரலாமா என்று யோசிக்க ஐந்து நிமிடம்.

சனிக்கிழமை காலை மனைவி எண்ணை அழுத்துகிறாள், நான் சாவியைத் திருப்புகிறேன். இலக்குக்குத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் மிஞ்சிய பேப்பர் தட்டு. ஏழு கஜம். சின்னத் தோட்டாதானே என்று காதுமூடியை விட முடியாது. மூடிய கூடத்தில் இதன் சத்தமே காதைக் கெடுக்கப் போதும். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடுவதில்லை, ஈயம்.

ரிம்ஃபயருக்கு ஒரு குறை உண்டு. விளிம்புக்குள் மருந்து ஒரே சீராகப் பரவியிருக்காது. மருந்தில்லாத இடத்தில் ஊசி விழுந்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. மலிவுப் பெட்டியில் ஐம்பதுக்கு ஒன்றாவது எனக்குப் புஸ்ஸாகிவிடுகிறது. அந்த 'டிக்'கில்தான் என் வண்டவாளம் தெரிந்தது. வெடிக்காத துப்பாக்கியின் மூக்கு ஒரு விரலளவு கீழே குனிந்தது. வெடிக்கப்போகிறதே என்று கை முந்திக்கொண்டு பயந்திருக்கிறது. பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே பொய்த் தோட்டாவைக் கலந்து வைத்துக் கண்டுபிடிக்கிற குற்றத்தை, எனக்கு மலிவுப் பெட்டி இலவசமாகவே காட்டிக்கொடுத்தது. மூன்று மாதமாக அந்தக் குனிவோடுதான் போராட்டம்.

புஸ்ஸானதை உடனே எடுக்கக் கூடாது. தாமதித்து வெடிக்கலாம் என்பதால் இலக்கைப் பார்த்தபடியே முப்பது நொடி பிடித்திருக்க வேண்டும். பிறகு வெளியே தள்ளி, சுவரோரம் இருக்கும் சிவப்பு வாளியில் போட வேண்டும். அந்த முப்பது நொடியில் என் மனம் தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெருவுக்குப் போய்விடுகிறது. திரி கருகி வெடிக்காமல் போன சரவெடிகளைப் பொறுக்கிப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தி, ஒருமுறை புருவத்தைக் கருக்கிக்கொண்டவன். வாளியருகே போகும்போது ரேஞ்ச் அதிகாரி என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போட்டுவிட்டு வந்து, அடுத்த பத்தை மேகஸினில் அடைக்கிறேன்.