இரவு தங்கும் ஊர்

பெருநகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மனை விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பக்கத்தில் பட்டணம் இருக்கிறதே! இந்தப் பதிலை உரசிப் பார்க்கச் சென்னை சென்ட்ரலிலிருந்து திருப்பதி போகும் ரயில் பாதை போதும். மொத்தம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் வரை பதில் சரியாகவே இருக்கிறது. மின்சார ரயில் எவ்வளவு நேரத்தில் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை வைத்தே வாடகை பேசுகிறார்கள். ஜெர்மானியப் பண்ணையாளர் ஃபான் தூனன் 1826-ல் விளைநிலத்துக்குச் சொன்னதும், வில்லியம் அலோன்சோ 1964-ல் நகர மனைக்குச் சொன்னதும் இதுதான்: சந்தைக்குப் போய்வரும் செலவு கூடக்கூட நிலத்தின் விலை இறங்கும். அரக்கோணத்தில் இறங்குகிறது. திருத்தணியில் இன்னும் இறங்குகிறது. நகரியும் புத்தூரும் அதற்கும் கீழே. ஆனால் ரேணிகுண்டா நெருங்கும்போது விலை மறுபடி ஏறத் தொடங்கி, திருப்பதிக்குள் நுழையும்போது சென்னைப் புறநகரோடு போட்டி போடுகிறது. தூரத்தை வைத்துப் போட்ட கணக்கு இங்கே உதவவில்லை.

கோயில் இருக்கிறது, கூட்டம் வருகிறது, அதனால் விலை ஏறுகிறது என்பார்கள். அப்படியானால் திருத்தணி என்ன ஆயிற்று? சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. முருகனின் ஆறுபடை வீடுகளில் ஒன்று. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் மலைப்படி முழுக்க நிறைந்துவிடும். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். சென்னை அவ்வளவு பக்கம். பூக்கடைக்கும் ஓட்டலுக்கும் வியாபாரம் நடக்கிறது, வீடுகளை லாட்ஜாக மாற்றும் அவசரம் யாருக்கும் வரவில்லை. அடுத்து வரும் புத்தூர் இதைவிடத் தெளிவான சாட்சி. எலும்பு முறிந்தவர்கள் புத்தூர் கட்டுக்காக நூறாண்டுக்கும் மேலாகப் பல மாநிலங்களிலிருந்து இங்கே வருகிறார்கள். தழை அரைத்துப் பூசி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டியதும் கிளம்பிவிடுகிறார்கள். அத்தனை ஊர்ப் பணம் வந்தும் புத்தூர் மனை திருப்பதி மனை ஆகவில்லை. வெளியூர்ப் பணம் வந்தால் மட்டும் போதாது, அது இரவு தங்க வேண்டும். மனை விலையைப் புரிந்துகொள்ள நான் பிடித்துக்கொள்ளும் முதல் இழை இது.

திருப்பதியில் அது தங்கியே ஆக வேண்டியிருக்கிறது. ஏழுமலையான் கோயில் மலைமேல் இருந்தாலும் இலவச தரிசன டோக்கன் கொடுக்கும் கவுன்டர்கள் கீழே ஊரில்தான் இருக்கின்றன: ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்ரீநிவாசம், அலிபிரியில் பூதேவி வளாகம். டோக்கன் வாங்கியவர் தன் நேரம் வரும்வரை எங்கேயாவது படுக்க வேண்டும். மலைமேல் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானத்தின் அறைகளும் மடங்களும் உண்டு, தனியார் லாட்ஜ் கிடையாது. நாள்தோறும் அறுபது, எழுபதாயிரம் பேர் ஏறி இறங்கும் மலையில் இடம் கிடைக்காதவர்கள் அத்தனை பேரும் அடிவாரத்து நகரத்தின் தலையில்தான் இறங்குகிறார்கள். இதற்குமேல் தேவஸ்தானத்தின் சம்பளப் பட்டியல் இருக்கிறது; 2024-25-க்கு அதன் பட்ஜெட் 5,141 கோடி ரூபாய். 1954-ல் வந்த வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், மகளிர் பல்கலைக்கழகம், ஸ்விம்ஸ் மருத்துவமனை, 2015-ல் தொடங்கி ஏர்ப்பேடு பக்கம் அமைந்த ஐஐடி, ஐசர் கல்வி நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து வாடகைக்கு வீடு தேடுபவர்களை ஆண்டு முழுக்க வைத்திருக்கின்றன. ஒரு மாடிவீட்டை மாத வாடகைக்கு ஒரு செவிலியருக்கு விடுவதா, நாள் வாடகைக்கு யாத்திரிகர்களுக்கு விடுவதா என்று உரிமையாளர் கணக்குப் போடும்போது செவிலியர் தோற்றுவிடுகிறார். இந்த ஊரின் வீட்டுச் சிக்கல் முழுவதும் அந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது இழை நிலம். வருகிற பணத்துக்கு ஈடுகொடுக்க நிலம் இருந்தால் விலை இவ்வளவு துள்ளாது. சமவெளி நடுவே இருக்கும் ஊர் நாலா பக்கமும் விரியலாம். திருப்பதிக்கு வடக்குப் பக்கமே இல்லை. சேஷாசலம் மலை சுவர்போல நிற்கிறது. 1989 முதல் அது தேசியப் பூங்கா, 2010 முதல் உயிர்க்கோளக் காப்பகம். காடு காடாகவே இருக்கட்டும், அதில் கை வைக்கச் சொல்லும் தீர்வு எதுவும் தீர்வல்ல. மிஞ்சிய பாதியிலும் தேவஸ்தான நிலம், மடத்து நிலம், பத்திரப் பதிவுக்குத் தடை செய்யப்பட்ட பட்டியலில் உள்ள நிலம் என்று பெரும்பரப்பு சந்தைக்கு வருவதில்லை. 1843 முதல் 1933 வரை மலைக்கோயிலை நிர்வகித்த ஹாதிராம்ஜி மடத்தின் நிலங்கள் மீதான தகராறுகள் இன்னும் ஓயவில்லை. 2023-ல் தேவஸ்தான ஊழியர்களுக்கு வீட்டுமனைப் பட்டா கொடுத்தபோது எங்கே கொடுத்தார்கள்? வடமாலைப்பேட்டை மண்டலத்தில், புத்தூர் போகும் வழியில். நிரந்தரச் சம்பளக்காரருக்கே அங்கேதான் மனை என்றால், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி எங்கே போவார்? இங்கிலாந்திலும் இதே கதை உண்டு. லண்டனுக்கு மிக அருகே இருக்கும் லூட்டனைவிடத் தள்ளியிருக்கும் ஆக்ஸ்ஃபோர்டில் வீட்டு விலை அதிகம். அங்கே பல்கலைக்கழகம் ஆளைக் கொண்டுவருகிறது, பசுமை வளையம் நிலத்தை நிறுத்திவைக்கிறது.

ரியல் எஸ்டேட்காரர்கள்தான் ஏற்றிவிட்டார்கள் என்பது அடிக்கடி எழும் மறுப்பு. அவர்கள் ஏற்றவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் இந்தப் பாதை நெடுகவும் இருக்கிறார்கள். வர்ணம் பூசிய எல்லைக்கல், அலங்கார வளைவு, உள்ளே வேலிகாத்தான் முளைத்த தெருக்கள்: இப்படி விற்றும் கட்டாத லேஅவுட்கள் சாலையோரம் எத்தனையோ. ஆசை காட்டி ஒரு மனையை விற்றுவிடலாம். அங்கே குடியேற ஆளைக் கொண்டுவர முடியாது. ஏழுமலையான் காலடியில் கடைசிக் காலம் கழியட்டும் என்று சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் பிளாட் வாங்கிப்போடுகிறார்களே என்பது இதைவிட வலுவான மறுப்பு. இதை ஏற்கிறேன். பெருநகரத்தின் பங்கு இங்கேதான் வருகிறது, தூரமாக அல்ல, வாங்கும் கையாக. வருஷத்தில் சில நாள் மட்டும் திறக்கும் அந்தக் கதவுகளும் ஊரில் தங்குமிடத்தைக் குறைக்கவே செய்கின்றன.

திருப்பதியைத் தாண்டித் தண்டவாளம் சந்திரகிரி, பாகாலா வழியாகச் சித்தூருக்குப் போகிறது. அங்கிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 180. இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே, 1911 முதல் மாவட்டத் தலைநகர். பக்கத்துப் பட்டணம்தான் விலை ஏற்றும் என்றால் சித்தூர் திருப்பதியை விஞ்சியிருக்க வேண்டும். வெகுவாகப் பின்தங்கி நிற்கிறது. ஊருக்குப் பணம் கொண்டுவந்த கூட்டுறவுப் பால்பண்ணை 2002-ல் மூடப்பட்டது. மாம்பழக்கூழ் ஆலைகள் சில மாதம் மட்டுமே ஓடுகின்றன. 2025-ல் தோத்தாபுரி மாம்பழத்துக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க அரசே 4 ரூபாய் போட வேண்டியிருந்தது. பக்கத்தில் உள்ள காணிப்பாக்கம் பிள்ளையாரைக் கும்பிட வருகிறவர்களில் பலர் அப்படியே திருப்பதிக்குப் போய் அங்கே அறை எடுக்கிறார்கள். 2022-ல் திருப்பதி தனி மாவட்டமானபோது அலுவலகங்களும் பிரிந்தன. பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை வந்தால் எல்லாம் மாறும் என்று நம்புகிறார்கள். நிற்காமல் போவதற்காகப் போடும் சாலை அது. தொழிற்சாலை வராமல் வெறும் சாலை வந்தால், வயல்கள் மனையாகும், மனைகளில் வேலிகாத்தான் வளரும்.

திருப்பதியின் வாடகையைத் தணிக்கக் காட்டையும் தொட வேண்டாம், யாத்திரிகரையும் தடுக்க வேண்டாம். குடியிருப்புத் தெருக்களில் வீடுகள் லாட்ஜ் ஆவதற்கு மாநகராட்சி வரம்பு கட்டட்டும். வெளியூரில் குடியிருந்து வேலைக்கு வந்துபோக ரயில் பாதை ஏற்கெனவே இருக்கிறது. சென்னைப் புறநகர் ரயில்கள் பெரும்பாலும் திருத்தணியைத் தாண்டுவதில்லை. அதற்கு அப்பால் உள்ளூர் வண்டிகள் எண்ணிச் சொல்லும் அளவுதான். நகரி, புத்தூரிலிருந்து ஒரு பக்கமும், சித்தூர், பாகாலாவிலிருந்து மறுபக்கமும் விடியலிலும் இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்திலும் அரை மணிக்கு ஒரு மெமு ரயில் திருப்பதிக்கு ஓடட்டும். அறை பெருக்குகிறவரும், வார்டில் விடிய விடிய நிற்கும் செவிலியரும் தங்கள் சம்பளத்துக்குள் அடங்கும் ஊரில் குடியிருந்து வேலைக்கு வந்துபோவார்கள்.