அனுப்பாத ஆட்சேபம்

பல்கலைக்கழகத்தில் பீட் மண்ணைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒன்றுதான்: அது தொல்லை. எடைக்கு மண்ணைவிடத் தண்ணீர்தான் அதிகம். மேலே எதைக் கட்டினாலும் இறங்கும். தோண்டி எடு, இல்லாவிட்டால் பைலிங் அடி. தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். அதன்மேல் ஒரு காடு நிற்கும் என்பது பாடத்தில் இல்லை.

2020 பிப்ரவரியில், வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில், சிலாங்கூர் அரசின் அறிவிப்பு நாளிதழில் வந்தது. கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தில் ஏறக்குறைய 931 ஹெக்டேரைக் காப்பகத்திலிருந்து நீக்கும் திட்டம். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம். நம் நாட்டில் நிலமும் காடும் மாநிலத்தின் கையில். கூட்டரசு இயற்றும் வனச் சட்டம்கூட மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும். சிலாங்கூர் 2011இல் தன் வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டை நீக்கும் முன் மக்களைக் கேட்க வேண்டும் என்று சேர்த்திருந்தது. அதனால்தான் என்னைப் போன்றவனுக்கும் எழுத ஓர் இடம் இருந்தது.

அன்றிரவே இரண்டு பக்கம் எழுதினேன். கால்வாய் வெட்டினால் பீட் நிலத்தில் நீர் வடியும். வடிந்த மண் காற்றுப்பட்டு மக்கும், சுருங்கும், தாழும். காய்ந்துவிட்டால் அடியிலேயே புகைந்து எரியும். அங்கே காட்டை நம்பி தெமுவான் பூர்வகுடிகள் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் சீனியரிடம் காட்டினேன். "தம்பி, நமக்கு வேலை கொடுக்கறதே டெவலப்பருங்கதான். பேரு, ஐசி நம்பர் எல்லாம் போட்டா அனுப்பப் போற?" என்றார். மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். நான் அனுப்பவில்லை.

2021 ஆகஸ்ட் இறுதியில், காப்பகத்தின் பாதிக்கு மேல் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்பது மாநிலச் சட்டமன்றத்தில் தெரியவந்தது. எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பர் 8ஆம் தேதி மந்திரி பெசார் அமிருடின் ஷாரி அந்த முடிவை மீட்டுக்கொள்வதாக அறிவித்தார். 2022இல் நாடாளுமன்றமும் தேசிய வனச் சட்டத்தைத் திருத்திப் பொது விசாரணையைக் கட்டாயமாக்கியது.

நண்பர்களின் வாட்சப் குழுவில் ஒரே கொண்டாட்டம். நானும் ஒரு கைதட்டல் போட்டேன். போட்ட கை கூசியது. பெயரையும் ஐசி எண்ணையும் போட்டு அனுப்பியவர்களின் வெற்றி அது. சட்டம் எனக்கும் அதே உரிமையைத்தான் கொடுத்திருந்தது. பொறியாளன் என்பதால் அவர்களில் பலரைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

போன வருடம், வேறொரு ஊரின் வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்பட்டபோது ஆட்சேபம் எழுதி அனுப்பினேன். சீனியரிடம் கேட்கவில்லை. இன்றுவரை யாரும் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. இதற்கா அன்றைக்கு அப்படிப் பயந்தேன்?