நான்கு ரிங்கிட்டுக்குள் பத்துமலை

கிள்ளானிலிருந்து பத்துமலைக்குக் காரில் கிளம்புகிறவர்கள் இரண்டு கணக்குப் போடுவார்கள்: எவ்வளவு நேரம், எவ்வளவு டோல். கூட்டரசு நெடுஞ்சாலையில் 2018-இல் டோலை எடுத்துவிட்டார்கள், நெரிசல் போகவில்லை. என்.கே.வி.இ., டியூக் என்று டோல் நெடுஞ்சாலைகளைப் பிடித்தால் சீக்கிரம் போகலாம், காசு கரையும். கணினியியல் படித்த பிறகுதான் இந்த வீட்டுக் கணக்கின் ஆழம் எனக்குப் புரிந்தது.

நேரம் மட்டும் முக்கியம் என்றால் சிக்கலே இல்லை. கணினியியலாளர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாம் காப்பிக்கடையில் இருபது நிமிடத்தில் யோசித்து, 1959-இல் வெளியிட்ட முறை போதும். ஒவ்வொரு சந்திப்புக்கும் இதுவரை கண்ட மிகக் குறைந்த நேரத்தை எழுதிக்கொண்டு மற்றதையெல்லாம் மறந்துவிடலாம். அந்த மறதிதான் அதன் வேகம்.

டோல் நான்கு ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது என்று ஒரு நிபந்தனை சேருங்கள். வழியிலுள்ள ஜாலான் டூத்தாவுக்கு ஒரு வழி 40 நிமிடம், டோல் இல்லை. இன்னொன்று 25 நிமிடம், மூன்று ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். எதை மறப்பது? முன்னால் இன்னொரு டோல் சாவடி இருந்தால் மலிவான வழிதான் கைகொடுக்கும். இரண்டையும் சுமந்தாக வேண்டும். இப்படி 20 சந்திப்புகளில் இரட்டித்தால் சுமக்க வேண்டிய வழிகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். இது என்பி-முழுமை வகைக் கணக்கு. எல்லா வரைபடத்துக்கும் வேகமாக விடை தரும் முறையை யாரும் கண்டதில்லை; அப்படி ஒன்று கிடையாது என்று நிரூபித்ததும் இல்லை.

ஆனால் மிரள வேண்டாம். சென் கணக்கில் எண்ணினால் நான்கு ரிங்கிட்டுக்குள் 401 தொகைகள்தான். சந்திப்புக்கு 401 கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் குறைந்த நேரத்தை எழுதினால் கைப்பேசியே தீர்த்துவிடும். இந்தக் கணக்கின் கடினம் பெரிய எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அவற்றுக்கும் ஹாசின் என்ற ஆய்வாளர் 1992-இல் வழி காட்டினார்: வரம்பை மீறாமல், சிறந்த விடைக்கு நாம் கேட்கும் அளவு நெருங்கிய பாதை.

எனக்கு வியப்பு தருவது வேறொன்று. பிரிக்பீல்ட்ஸில் மாலை வாங்கிக்கொண்டுதான் மலைக்குப் போக வேண்டும், எந்தச் சந்திப்பையும் இரண்டு முறை தொடக்கூடாது. தெருக்கள் எல்லாம் இருவழி என்றால் இப்படி ஒரு பாதையைக் கண்டுபிடிப்பது எளிது. ஒருவழித் தெருக்கள் கலந்துவிட்டால் என்பி-முழுமை. இதை ஃபார்ச்சூன், ஹாப்கிராஃப்ட், வைலி என்ற ஆய்வாளர்கள் 1980-இல் நிறுவினார்கள். இங்கே எண்ணே இல்லை, சென் எண்ணும் உபாயமும் பலிக்காது. கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள் டோல் கேள்வியையும் மாலைக் கேள்வியையும் ஒரே வகுப்பில், அடுத்தடுத்து, மாணவர் கையில் கொடுக்க வேண்டும்.