ஒரே போர்டு... ரெண்டு ஜோடி கால்!

கலெக்டர் ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ள ஒரு குளம் வெட்டி, அதுல பசங்க கால்ல பலகையை மாட்டிக்கிட்டு அந்தரத்துல குட்டிக்கரணம் அடிச்சா எப்படி இருக்கும்? நினைச்சுப் பாருங்க! பிலிப்பைன்ஸ்ல கமரினெஸ் சூர் மாகாணத்துல, பிலிங்கிற ஊர்ல அதைச் செஞ்சே காட்டிட்டாங்க. மாகாண அரசு அலுவலகங்கள் இருக்கிற அதே வளாகத்துல, 2006-ல அரசாங்கமே திறந்த கேபிள் பார்க். 2012-ல ஒரு போட்டிக்காக சிங்கப்பூர்லேருந்து நாங்க அஞ்சு பேர் அங்கே கிளம்பினோம்.

கேபிள் வேக்போர்டிங்னா என்னன்னு கேக்குறீங்களா? படகே கிடையாது பாஸ். குளத்தைச் சுத்தி ஆறு டவர். தலைக்கு மேலே ஓயாம சுத்துற இரும்புக் கேபிள். அதுலேருந்து தொங்குற கயித்தைப் பிடிச்சா மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்துல இழுத்துக்கிட்டுப் போகும். புரூனோ ரிக்ஸன்னு ஒரு ஜெர்மன் இன்ஜினீயரோட மூளையில உதிச்ச விஷயம் இது. ஒரே நேரத்துல பல பேர் சுத்தலாம். நேரா போறது ஈஸி. வளைவுலதான் வில்லங்கம். உள்பக்கமா ஒட்டித் திரும்பினா கயிறு ஒரு நொடி தொளதொளன்னு ஆகி, அடுத்த நொடி 'வெடுக்'னு இழுக்கும். தோள்பட்டை கழண்டுடுச்சோன்னு நினைக்கிறதுக்குள்ள தண்ணிக்குள்ள இருப்பீங்க. அப்புறம் நீந்திக் கரையேறி, போர்டைத் தூக்கிக்கிட்டு, எல்லாரும் வேடிக்கை பார்க்க நடந்தே திரும்பணும்.

எங்களுக்குக் கனவு வேற! 2020 ஒலிம்பிக்ஸ்ல சேர்க்கலாமான்னு யோசிச்ச எட்டு விளையாட்டுல வேக்போர்டும் ஒண்ணுன்னு 2011-ல சொல்லியிருந்தாங்க. (2013 மே மாசம் கழட்டி விட்டுட்டாங்க. அது அப்போ எங்களுக்கு எப்படித் தெரியும்?)

மணிலா ஏர்போர்ட்ல இறங்கினோம். நாலு பேரோட போர்டு பை வந்துடுச்சு. என்னோடது வரலை. "நாளைக்கு வந்துடும் சார்"னு கவுன்ட்டர்ல சிரிச்சாங்க. காசு மிச்சம் பிடிக்க ராத்திரி பஸ்ல போறதா பிளான். பிலிப்பைன்ஸ் பஸ் ஏ.சி. பத்தி யாரும் உங்களுக்குச் சொல்லலைன்னா நான் சொல்றேன்... ஃப்ரீசர்! பை வராத கவலையோட எட்டு மணி நேரத்துக்கு மேல நடுங்கிக்கிட்டே போனேன். விடியக்காலையில ஜன்னலுக்கு வெளியே இசரோக் எரிமலை தெரிஞ்சப்பகூட 'என் போர்டு எங்கே'ன்னுதான் மனசு கேட்டுச்சு.

பக்கத்து சீட்ல இருந்தவன் பேர் வேண்டாம். ஷூ சைஸ் பத்து. அதனால 'பத்து'ன்னே வெச்சுக்குவோம். மலாய்ப் பையன். ஈஸ்ட் கோஸ்ட் லகூன்ல ரெண்டு வருஷம் ஒண்ணா விழுந்து எழுந்தவங்க நாங்க. "என் போர்டை எடுத்துக்கடா"ன்னான். நான் சைஸ் எட்டு. போர்டுல திருகியிருக்கிற பூட்ஸுக்குள்ள என் கால் டான்ஸ் ஆடுச்சு. தடிமனான சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டு சமாளிச்சேன்.

பிரச்னை என்னன்னா, ரெண்டு பேரும் ஒரே ஹீட்! ஆறு பேர்ல மூணு பேருக்குத்தான் அடுத்த சுற்று. அவன் ரெண்டாவது, நான் கடைசி. அவன் முடிச்சுட்டு வந்து கழட்டிக் கொடுத்தா நான் மாட்டணும்.

பத்து அட்டகாசமா ஆரம்பிச்சான். கடைசிச் சுத்துல, கரையிலேருந்து ரொம்பத் தள்ளி இருக்கிற வளைவுல கயிறு வெடுக்குனு இழுத்து... தொபுக்கடீர்! எனக்கு வயிறு கலங்கிடுச்சு. அவனுக்காக இல்லீங்க, உண்மையைச் சொல்லணும்ல... போர்டு அந்தக் கரையில மாட்டிக்கிச்சேன்னுதான்.

விழுந்தவன் தலையைத் தொங்கப் போட்டு மெதுவா நடந்து வர்றதுதான் வழக்கம். இவன் ஓடி வந்தான். வெறுங்கால்ல, சரளைக்கல் மேல, போர்டைத் தோள்ல வெச்சுக்கிட்டு. எனக்கு முன்னாடி ஒருத்தன்தான் பாக்கி. வந்து மண்டி போட்டு, அவனே என் கால்ல லேஸை இழுத்துக் கட்டினான். "முதல் வளைவை அகலமா எடு, உள்ளே போகாதே." அவ்வளவுதான் பேசினான். மூச்சு வாங்குச்சு.

அகலமா எடுத்தேன். விழலை. பெரிய ட்ரிக் எதுவும் இல்லை. ஆனா விழலை.

லிஸ்ட் ஒட்டினாங்க. நான் மூணாவது. அவன் நாலாவது.

அன்னிக்கு ராத்திரி மெஸ்ஸுல தேங்காய்ப்பால், பச்சை மிளகாய் போட்ட 'பிகோல் எக்ஸ்பிரஸ்'. அந்த ஊர் ஸ்பெஷல், நம்ம நாக்குக்குச் செம! அதுல பன்றிக்கறி. அதனால பத்து சாப்பிட மாட்டான். சுட்ட மீனும் சோறும் வாங்கிட்டு எதிர்ல உட்கார்ந்தான். நான் என்ன பேசறதுன்னு தெரியாம இலையையே பார்த்துக்கிட்டிருந்தேன். 'ஸாரி'ன்னா அசிங்கமா இருக்கும். 'தேங்க்ஸ்'னா அதைவிட அசிங்கம். அவனும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் என் தட்டுலேருந்து ஒரு பச்சை மிளகாயை எடுக்கப் போய், கறி ஞாபகம் வந்து கையை இழுத்துக்கிட்டான். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். "நாளைக்கு ஈர சாக்ஸோட என் பூட்ஸைத் தொட்டே... கொன்னுடுவேன்"னான்.

மறுநாள் ரெண்டாவது வளைவுலயே விழுந்தேன். கரைக்கு நீந்தினா, பத்து ஏற்கெனவே அங்கே துண்டோட நிக்கிறான். போர்டை வாங்கி முதல்ல திருகெல்லாம் சரியா இருக்கான்னு பார்த்தான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

திரும்பும்போது மணிலா ஏர்போர்ட்ல ஒரு மூலையில என் பை சாத்தி வெச்சிருந்தது. ஜிப்பைத் திறந்தேன். போர்டு ஒரு சொட்டுத் தண்ணி படாம பளபளன்னு இருந்தது. பத்து எட்டிப் பார்த்து, "நல்லா டூர் அடிச்சிருக்கு"ன்னான்.